ஆறே முக்கால் கிலோ கௌரவம்

மனித குலம் சக்கரத்தைக் கண்டுபிடித்ததற்கு அடுத்தபடியாக வைத்துப் போற்றவேண்டிய சாதனை, ஃபிளாண்டர்ஸ் வட்டாரத்து மேட்டு ஊர் ஒன்றின் ஞாயிறு சைக்கிள் சங்கம் கூடி, ஃபிர்மினின் பழைய ரேஸ் சைக்கிளை மாற்றலாமா கூடாதா என்று முடிவெடுத்ததுதான்.

ஃபிர்மின் சங்கத்தின் முதல் குழுவில் பல வருடமாக இருப்பவர். முதல் குழு என்றால் கட்டுப்பாடு, பேச்சில்லை, சிரிப்பில்லை. இரண்டாம் குழுவோ, வழியில் தென்படும் கடையிலெல்லாம் இறங்கி ஆப்பிள் கேக் தின்கிற ஒழுக்கங்கெட்ட கூட்டம். இந்த வசந்தத்தில் கல் பாவிய ஏற்றத்தில் ஃபிர்மின்தான் எப்போதும் கடைசி. இன்னொரு தடவை பிந்தினால் இரண்டாம் குழுவுக்கு ‘இடமாற்றம்’ என்று தலைவர் ஹெக்டர் அறிவித்துவிட்டார். ஃபிர்மினுக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை.

ஃபிர்மினின் மனைவி லீவே நடத்தும் மதுக்கடையில் கூட்டம் கூடியது. ஹெக்டர் கறிக்கடைக்காரர். எடை விஷயத்தில் அவர் வைத்ததே சட்டம். கடைத் தராசையே கொண்டுவந்து, கொக்கியில் சைக்கிளை மாட்டினார்.

“பதிமூணு கிலோ! என் கடையில தொங்கற பன்னித் தொடைகூட இதைவிட லேசுய்யா!”

“தலைவரோடது ஆறே முக்கால்” என்றார் செயலாளர் கமீல், எழுந்து நின்று.

“அந்தப் பையைக் கழட்டிட்டு நிறுத்துப் பாருங்களேன்” என்றபடி லீவே இருக்கைக்குப் பின்னால் தொங்கிய பையைத் திறந்தாள். பம்ப், கட்டுக்கட்டாக டியூப், ஸ்பேனர்கள், ஹெக்டரின் மழைக்கோட்டு, கமீலின் வாழைப்பழம். “இதெல்லாம் உங்க சாமான்தானே?”

“லீவே, பை நிகழ்ச்சி நிரல்லயே இல்லை. சைக்கிள் மட்டும்தான்” என்றார் ஹெக்டர்.

“உங்க சைக்கிள்ல மாட்டிக்கறதுதானே?”

ஹெக்டர் பதறிப்போனார். “கார்பன் சைக்கிள்லயா? பம்பை மாட்டிட்டா அப்புறம் ஆறே முக்கால்னு எப்படிம்மா சொல்றது?”

நியாயமான கேள்வி. பழைய சைக்கிளே குற்றவாளி என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. ஃபிர்மினும் கை தூக்கினார். அந்த வாரமே புதியது வாங்கினார். அதில் பை மாட்ட இடமே கிடையாது. அதுதான் அதன் சிறப்பாம்.

அடுத்த ஞாயிறு ஏற்றத்தின் உச்சியில் முதல் ஆள் ஃபிர்மின். சந்தோஷம் தாங்காமல் வாய்விட்டுச் சிரித்தார், கட்டுப்பாட்டை மீறி. திரும்பிப் பார்த்தால் ஒருவரையும் காணோம். இறங்கிப் போனார். பாதி ஏற்றத்தில் ஹெக்டருக்கும் கமீலுக்கும் பஞ்சர். நல்ல மழை வேறு.

“பம்பை எடுய்யா, சீக்கிரம்!”

“எடை கூடும்னு வீட்டுல வெச்சிட்டேன், தலைவரே. உங்க கோட்டும் அங்கதான்.”

சொட்டச் சொட்ட நனைந்தபடி லீவேயின் கடையில் அவசரக் கூட்டம். ஹெக்டர் தழுதழுத்தார். “புதுசுல உயிரே இல்லைய்யா. இரும்புலதான் உயிர் இருக்கு. அந்தப் பழைய சைக்கிள் சங்கத்தோட பாரம்பரியம். பையோட சேர்த்துத்தான் சொல்றேன்.”

“அதுல வந்தா நான் கடைசியாத்தானே வருவேன்?”

“வருவே.”

“அப்ப ரெண்டாம் குழுவா?”

“சங்க விதின்னு ஒண்ணு இருக்கில்ல? பேருக்குத்தான் ரெண்டாம் குழு. எங்க பின்னாடியே வந்துட்டிரு.”

“புதுசை என்ன பண்றது?”

ஹெக்டர் பெருமூச்சு விட்டார். “வீணாப் போகவிடலாமா? சங்கத்துக்காக நானே ஓட்டித் தொலைக்கிறேன். அது ஆறரைதானே வருது?”

தீர்மானத்தைக் கமீல் வழிமொழிந்தார். லீவே கோப்பையை நங்கென்று வைத்தாள். “ஏங்க, இன்னும் என்ன யோசனை?”

ஃபிர்மின் யோசிக்கவில்லை. புதியதைச் சைக்கிள் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். மழைக்கோட்டை மடித்து ஹெக்டர் கையில் கொடுத்தார். பழையதில் ஏறி, கேக் தின்கிறவர்களோடு சேர்ந்துகொண்டார். அந்தக் குழு இப்போது முன்னைவிட அதிகமாகச் சிரிக்கிறது.

முதல் குழுவின் புகழ் மட்டும் மங்கவில்லை. மாவட்டத்திலேயே எடை குறைந்த சைக்கிள்கள் இன்றும் அவர்களுடையவைதான். பஞ்சரானால் தோளில் தூக்கிக்கொண்டு வீடு வரை நடப்பதற்கு இவற்றை மிஞ்ச வேறு கிடையாது என்று தலைவரே சான்றிதழ் தந்திருக்கிறார்.