சம்பந்தியிடம் நான் பேசிய ஜப்பானிய மொழி

அன்பும் மரியாதையும் நிறைந்த அக்காவுக்கு,

தம்பி வணங்கி எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம். உங்கள் முழங்கால் வலியும் அத்தானின் கோபமும் ஓரளவு தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். நான் சம்பந்தியை வாயை மூடச் சொன்னேன், அதனால் கல்யாணம் நின்றுவிட்டது என்று உங்கள் காதுக்கு வந்த செய்தியில் முதல் பாதி மட்டும்தான் உண்மை.

மாப்பிள்ளையாக வரப்போகிறவர் ஜப்பான்காரர் என்பது உங்களுக்குத் தெரியும். போன மாதம் மகள் வந்து, "அப்பா, ஞாயித்துக்கிழமை அவங்க அம்மா அப்பா வீடியோவில உங்களப் பார்க்கணுமாம். நீங்க ஒண்ணும் பேச வேண்டாம், சும்மா சிரிச்சுக்கிட்டு இருந்தா போதும்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. முப்பத்திரண்டு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன் நான். இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டு அலறியவர்களை எல்லாம் கதவுக்கு வெளியே நின்று பேசியே அமைதிப்படுத்தியவன். என்னைப் போய் பொம்மை மாதிரி சிரிக்கச் சொல்வதா? அன்றே நூலகத்தில் ஒரு பாடப்புத்தகம் எடுத்து வந்து, தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள ஒரு பக்கம், உணர்ச்சிகளைச் சொல்ல ஒரு பக்கம் என்று குளியலறைக் கண்ணாடி முன் நின்று உருப்போட்டேன். "குளிக்கிறீங்களா, இல்ல யாரோடயாவது சண்டை போடுறீங்களா?" என்று உங்கள் தம்பி மனைவி கதவைத் தட்டினாள்.

ஞாயிறு காலை இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்து, "ஹஜிமேமாஷ்தே" என்றேன். முதல்முறை சந்திக்கிறவர்கள் சொல்வது. அவர்கள் இருவரும் குனிந்து வணங்கினார்கள், மகள் வாயைப் பிளந்தாள். அந்த உற்சாகத்தில்தான் வந்தது வினை. என் தொழிலைச் சொல்லி, மரியாதையாக இருக்கட்டுமே என்று கடைசியில் 'சான்' சேர்த்தேன். அது அடுத்தவருக்குப் போடுவதாம். என்னை நானே 'லிஃப்ட் மெக்கானிக் ஐயா அவர்கள்' என்று வரவேற்றுக்கொண்டேன். சம்பந்தியம்மா ஒரு பூந்தொட்டியைத் தூக்கிக் காட்டினார்கள். அழகு என்றால் 'கிரேய்'. நான் சொன்னது 'கிராய்'. பிடிக்கவில்லை என்று அர்த்தம். தொட்டி மெல்ல இறங்கி மறைந்தது. சரி, ரொம்ப சந்தோஷம் என்றாவது சொல்லிச் சமாளிப்போம் என்று 'உரேஷீ'க்குப் பதிலாக 'உருஸாய்' என்று உரக்கச் சொல்லித் தொலைத்தேன். 'சத்தம் போடாதே, வாயை மூடு' என்பதற்கு அதுதான் வார்த்தையாம்.

"அப்பா, ப்ளீஸ், சிரிங்க" என்றாள் மகள். அவள் குரல் உடைந்திருந்தது. அந்த முகத்தைப் பார்த்தேன் அக்கா. இவள் நிஜமாகவே போகப்போகிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது. வீடு வெறிச்சென்று ஆகிவிடும் என்பதற்கு 'ஸபிஷீ' என்று ஒரு சொல் படித்திருந்தேன். அதைச் சொன்னேன். அதுவரை ஒரு வார்த்தை பேசாத சம்பந்தி என்னையே பார்த்தார். "வதாஷி மோ" என்றார். எனக்கும்தான் என்று அர்த்தம். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அரை மணி நேரத்தில் கல்யாணத் தேதி குறித்தாயிற்று.

நீங்களும் அத்தானும் முன்னால் நின்று நடத்தித் தர வேண்டும். அத்தானுக்கு என் வணக்கம். உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் பிரியமுள்ள தம்பி

பின்குறிப்பு: இந்தக் கடிதம் தபாலில் போகாமல் பத்து நாள் என் சட்டைப் பையிலேயே கிடந்துவிட்டது. இன்று சம்பந்தியம்மாவிடமிருந்து ஒரு பார்சல் வந்தது. உள்ளே கையால் பின்னிய கம்பளிச் சட்டை. எதற்கு இது என்று மகளைக் கேட்டேன். "அன்னிக்கு நீங்க சொன்னது 'ஸமுய்' அப்பா. குளிருதுன்னு அர்த்தம். அவங்க வீட்ல ஹீட்டர் ரிப்பேர், அதான் அவரும் எனக்கும்தான்னாரு. டீ ஆவி பட்டுக் கண்ணாடி மங்கிடுச்சு, தொடச்சாரு. நீங்க கண்ணு கலங்கி உக்காந்திருந்தீங்க, சொல்ல மனசு வரல" என்றாள். இங்கே மின்விசிறி முழு வேகத்தில் சுற்றுகிறது, எனக்கு வேர்த்துக் கொட்டுகிறது. கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.