பேண்ட்ஸுக்குப் பொருள் சொன்னவர்

மனிதர்களில் அர்த்தம்சொல்லி என்று ஓர் இனம் உண்டு. உங்கள் அலுவலகத்திலும் ஒருவர் இருப்பார், தேடிப் பாருங்கள். எந்த இங்கிலீஷ் சொல்லை நீட்டினாலும் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, "எந்த நாட்டு இங்கிலீஷ்ல கேக்கறீங்க?" என்பார். கேட்டவருக்கு அதோடு பாதி உயிர் போய்விடும்.

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் மெர்ச்சன்டைசராக இருக்கும், அதாவது வெளிநாட்டுப் பையர்களோடு மெயிலில் பேசி ஆர்டர் பிடிக்கும் தீனதயாளன் இந்த இனத்தின் தங்கப் பதக்கம். அமெரிக்கப் பையர் ஒருவர் டிசைன் 'சிக்' என்று புகழ்ந்து எழுதியபோது, விரைவில் உடல் தேற வாழ்த்துகள் என்று பதில் போட்டவர். 'தெரியாது' என்ற சொல் அவருக்கு வராமல் இல்லை. தொண்டைவரை வரும். உள்ளங்கை வேர்க்கும். எச்சிலோடு சேர்த்து அதை விழுங்கிவிட்டு விளக்கத்தைத் தொடங்கிவிடுவார்.

அப்படித்தான் ஒருநாள் லண்டனிலிருந்து மெயில் வந்தது. அனுப்பிய டீ-சர்ட் சாம்பிள்கள் எல்லாம் 'பேண்ட்ஸ்' என்று மார்த்தா என்ற பையர் எழுதியிருந்தார். அந்த ஆர்டர் கிடைத்தால்தான் தீபாவளிக்குப் பிறகும் மெஷின்கள் ஓடும். முதலாளி ஆத்தப்பன் பொங்கலூர்த் தோட்டத்திலிருந்து காரை விரட்டிக்கொண்டு வந்தார்.

"ஏனுங் தீனா, நாம அனுப்புனது டீ-சர்ட்டுங்களே?"

"அமெரிக்காவுல பேண்ட்ஸுன்னா கால்சட்டைங்க. லண்டன்ல ஜட்டிங்க."

"டீ-சர்ட்டப் போயி எதுக்குங்க ஜட்டிங்கறாங்க?"

நீங்களும் நானும் இந்த இடத்தில் நின்றிருப்போம். தீனதயாளன் நிற்பாரா? உள்ளங்கை வேர்த்தது. விழுங்கினார்.

"மனுசன் உடம்போட ஒட்டியிருக்கறது ஜட்டிதானுங்க. துணி அத்தன மெத்துன்னு இருக்குதுங்கறாங்க. இங்கிலீஷ்காரங்க நேராப் பாராட்டமாட்டாங்க. இப்படித்தான் சுத்தி வளைப்பாங்க."

உதவியாளர் அஃப்ஷீன், "எதுக்கும் அவங்களயே ஒரு வார்த்த கேட்டுக்கலாமுங்களா சார்?" என்றாள்.

"கேட்டா நம்மளுக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னு நெனச்சுக்குவாங்கம்மா."

பதில் பறந்தது. 'மிக்க நன்றி. எங்கள் சரக்கு எல்லாமே பேண்ட்ஸ்தான். இதுவரை பேண்ட்ஸ் அல்லாத எதையும் நாங்கள் அனுப்பியதில்லை. இனியும் அனுப்பமாட்டோம்.'

மார்த்தா உடனே விமானம் ஏறினார். ஆர்டர் முடிந்த மாதிரிதான் என்றார் தீனதயாளன். 'தலைமுறை தலைமுறையாக பேண்ட்ஸ்' என்று கேட்டின்மேல் இங்கிலீஷில் பிளெக்ஸ் கட்டினார்கள்.

காரிலிருந்து இறங்கிய மார்த்தா அண்ணாந்து பார்த்தார். போட்டோ எடுத்தார். பிறகு சிரிக்கத் தொடங்கி, நிற்க முடியாமல் துணி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். ஆத்தப்பன் மரியாதைக்குச் சிரித்தார். வாட்ச்மேனும் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மார்த்தா சொன்னார்: "எங்கள் ஊரில் ஒரு பொருள் பேண்ட்ஸ் என்றால், அது படுமட்டம், குப்பை என்று அர்த்தம்."

ஆத்தப்பன் திரும்பி பிளெக்ஸை அண்ணாந்து பார்த்தார்.

"நம்ம கம்பெனி குப்பைன்னு நாமளே பிளெக்ஸ் கட்டிட்டமுங்களா தீனா?"

தீனதயாளன் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார். மார்த்தாவின் பக்கம் திரும்பி, கனிவோடு, "மேடம், அந்த அர்த்தம் சரியில்லை," என்றார்.

"நான் லண்டனில் பிறந்தவள்."

"அதுதான் சிக்கல். பிறந்தவர்களுக்கு எல்லாமே பழகிப்போயிருக்கும். கவனித்திருக்கமாட்டீர்கள்."

அவர் சொன்ன தோரணையில் மார்த்தாவுக்கே ஒரு கணம் சந்தேகம் வந்து, போனை எடுத்துத் தேடிப் பார்த்தார்.

பிறகு உள்ளே வந்து, பையிலிருந்து சாம்பிள் ஒன்றை எடுத்து மேசைமேல் விரித்தார். ஒரே சலவையில் கழுத்து வாயைப் பிளந்திருந்தது. கழுத்துப் பட்டியை மாற்றி, அன்று மாலைக்குள் புதிதாக ஒன்றைத் தைத்து, இரண்டு முறை அலசிக் காயவைத்துக் கொடுத்தார்கள். மார்த்தா இழுத்துப் பார்த்து, "நாட் பேட்," என்றார்.

எல்லோரும் தீனதயாளனைப் பார்த்தார்கள். அவர் கை கண்ணாடிக்குப் போவதற்குள் ஆத்தப்பன் குறுக்கே விழுந்தார். "கண்ணு அஃப்ஷீன், அதுக்கு என்ன அர்த்தம்னு அந்தம்மாகிட்டயே கேட்டுரு சாமி."

அவள் கேட்டாள். ஆர்டர் உண்டு என்று அர்த்தமாம்.

தீனதயாளன் தலை குனிந்துவிட்டார் என்று நினைத்தால் உங்களுக்கு இந்த இனத்தைத் தெரியாது. மறுநாள் டீக்கடையில் அவர் பேசியது: "நான் மட்டும் அப்படிப் பதில் போடலீன்னா அந்தம்மா பிளேன் ஏறியிருப்பாங்களாங்க?"



போகட்டும். பேண்ட்ஸ் என்றால் லண்டனில் குப்பை என்று மார்த்தா சொன்ன இடத்தில், முன்பே தெரிந்ததுபோல் நீங்கள் லேசாகத் தலையாட்டினீர்களே, அதை நான் யாரிடமும் சொல்லப்போவதில்லை.