ஆபத்து சாரின் ராஜினாமா

மதிப்பிற்குரிய அறக்கட்டளைத் தலைவி அவர்களுக்கும், அந்தப் பதவியில் இல்லாத நேரங்களில் என் அக்காவாகிய உனக்கும்,

வணக்கம். நீயும் அத்தானும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்த வரியை எழுதும்வரை நானும் சுகம். அடுத்த வரிக்கு உத்தரவாதம் தர முடியாது, ஏனென்றால் மெத்தைக்காரர் எதிர்ப்பக்கம் நின்றுகொண்டு என் வீட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறார். சட்டைக் காலரில் மெத்தை தைக்கும் ஊசி செருகியிருக்கிறது. சட்டைப் பொத்தான் தைக்கிற ஊசியை நினைத்துக்கொள்ளாதே. இது அதற்குத் தாத்தா. ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன்: மாலை வகுப்பிலிருந்து என்னை உடனே விடுவிக்க வேண்டும்.

சுருக்கம் முடிந்தது. இனி விவரம்.

நான் ஓய்வு பெற்றதும் நீ என்ன சொன்னாய்? "சும்மா உட்கார்ந்தா துருப்பிடிச்சிடுவடா. வசதியில்லாத பிள்ளைங்க, நாலு எழுத்து சொல்லிக்குடு, புண்ணியமாப் போகும்" என்றாய். துருப்பிடிப்பதில் எனக்கு ஆட்சேபணை இருக்கவில்லை, துரு தீப்பிடிக்காது. வேலைக் காலம் முழுவதும் நான் தீத்தடுப்பு ஆய்வாளராக இருந்தவன். ஒரு கட்டடத்துக்குள் நுழைந்து, இங்கே இருப்பவர்கள் எப்படியெல்லாம் சாகலாம் என்று யோசித்து எழுதிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. சினிமாக் கொட்டகையில் எல்லோரும் திரையைப் பார்ப்பார்கள், நான் கதவைப் பார்ப்பேன். என்னை யாரும் விருந்துக்கு இரண்டாம் முறை அழைத்ததில்லை. இப்படிப்பட்ட ஒருவனைக் குழந்தைகளிடம் அனுப்பினாய். பென்சிலைக் கூர் மேலே இருக்கும்படி பிடித்துக்கொண்டு நடந்தால் கண்ணுக்கு என்ன ஆகும் என்று முதல் நாளே விளக்கினேன். மறுநாள் நான் படியேறும்போதே உள்ளே குரல் கேட்டது: "டேய், ஆபத்து சார் வர்றாரு!" அன்றிலிருந்து எனக்கு அதுதான் பெயர். நம் மையத்து டீச்சர்கூட ஒருமுறை வாய் தவறிக் கூப்பிட்டுவிட்டார்.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். என்னைக் கவிழ்த்தது உன் விதி. ஒரு பிள்ளை வகுப்புக்கு வராவிட்டால், அந்தப் பிள்ளை திரும்பி வரும்வரை வகுப்பு அதன் வீட்டுக்குப் போகும் என்று ஒரு விதி போட்டாயே, அது. கூட்டத்தில் நீ அதைச் சொன்னபோது நானும் கை தட்டினேன். மேடையில் கேட்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் அக்கா, வீடுகள் என்றால் என்ன என்று உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

வகுப்பில் ஒரு பெண் இருக்கிறாள், மெத்தைக்காரரின் மகள். எதைச் சொன்னாலும் எதிர்க்கேள்வி கேட்பாள் என்பதால் குட்டி வக்கீல் என்று பெயர். பள்ளிக்கூடப் பக்கமே போகாமல் நம் மையத்தில் எழுத்துக் கற்று, அடுத்த மாதம் பெரிய பள்ளியில் நேரே ஆறாம் வகுப்பில் சேரத் தேர்வு எழுத வேண்டியவள். திடீரென்று வரவில்லை. அவள் அம்மாவுக்கு அட்டைப்பெட்டிக் கிடங்கில் மாலை வேலை கிடைத்திருக்கிறது. இப்போதுதான் நடக்கப் பழகிய தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. படித்தது போதும் என்று அப்பா சொல்லிவிட்டார். தேர்வு எழுதாவிட்டால் அவளுக்கு அந்தக் கதவு மூடிவிடும். மறுபடி திறப்பதற்குள் வயது தாண்டிவிடும்.

"கிளம்புங்க சார்" என்றார் டீச்சர்.

"எங்கம்மா?"

"மெத்தைக் கடைக்கு."

"எல்லாருமா?"

"உங்க அக்கா போட்ட விதி சார். வேணும்னா அவங்களுக்கு ஃபோன் போடட்டுமா?"

நான் உனக்கு நெருப்பை விட அதிகமாகப் பயப்படுகிறவன் என்பது டீச்சருக்கு எப்படித் தெரிந்ததோ.

அந்த வீட்டை எப்படிச் சொல்வது. கீழே பட்டறை, மேலே குடியிருப்பு. பட்டறை நிறையப் பஞ்சு. பஞ்சுக்கு இடம் போதாமல் மாடிப்படியில் பாதியும் பஞ்சு. மேலே ஏற, இறங்க, தப்பிக்க எல்லாவற்றுக்கும் அந்த ஒரே படி. மேலே ஒற்றை அறையின் மூலையில் அடுப்பு, அடுப்புக்கு மேலே ஒட்டுப் போட்ட மின்கம்பி, அந்தக் கம்பியில் குழந்தையின் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. பயிற்சிக் காலத்தில் எங்களுக்கு, செய்யக் கூடாதவை எல்லாவற்றையும் ஒரே படத்தில் வரைந்து காட்டுவார்கள். இப்படி ஒரு வீடு உலகத்தில் இருக்காது என்று அப்போது சிரித்திருக்கிறேன். இப்போது அந்தப் படத்துக்கு நடுவில் உட்கார்ந்து பின்னக் கணக்கு சொல்லிக்கொடுத்தேன்.

மெத்தைக்காரர் கையில் ஊசியோடு படியேறி வந்து, "என்ன சார் இது, ஊர்வலமா?" என்றார்.

"வகுப்பு" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"என் வீட்லயா? நான்தான் படிப்பு வேணாம்னு சொல்லிட்டேனே?"

"அப்பா, நான் போகக் கூடாதுன்னுதானே சொன்னே?" என்றாள் குட்டி வக்கீல், இடுப்பில் தம்பியோடு. "அவங்க வரக் கூடாதுன்னு நீ சொல்லவே இல்லியே."

அவர் மகளைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார், ரொம்ப நேரம் என்னைப் பார்த்தார். பிறகு இறங்கிப் போய்விட்டார்.

அந்தக் கட்டடத்தில் பிள்ளைகளை உட்காரவைத்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியுமா? பாடத்துக்கு முன் வெளியேறும் பயிற்சி கொடுத்தேன். விசில் கேட்டால் புத்தகத்தை அப்படியே விட்டுவிட வேண்டும், ஓடக் கூடாது, கத்தக் கூடாது, முன்னால் இருப்பவர் தோளில் கை வைத்து வரிசையாக இறங்க வேண்டும், சின்னக் குழந்தை முதலில் போக வேண்டும், நான் கடைசியில். பின்னக் கணக்கு ஏறாத மண்டைகளில் இது ஒரே நாளில் ஏறிவிட்டது. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அந்தப் பெருமைதான் வினை. நேற்று மெத்தைக்காரர் சரக்குக் கொடுக்க வெளியே போயிருந்த நேரம், குட்டி வக்கீலின் தம்பி என் மடியில் ஏறி, சட்டைப் பையிலிருந்த விசிலை எடுத்து, ஊதிவிட்டான். "இது சும்மா, உட்காருங்க" என்று நான் சொல்வதற்குள் அறை காலி. பழக்கியவன் நானல்லவா? ஒரு சத்தம் இல்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு குட்டி வக்கீல் முன்னே போக, மற்றவர்கள் தோளில் கை வைத்துப் பின்னே இறங்கினார்கள். கத்திக்கொண்டு ஓடும் பிள்ளைகளைத் தெரு தினமும் பார்க்கிறது, யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. வாய் திறக்காமல் வரிசையாக வெளியே வரும் பிள்ளைகளை அது பார்த்ததே இல்லை. எல்லோரும் கைவேலையைப் போட்டுவிட்டு எழுந்துவிட்டார்கள். போதாக்குறைக்கு அத்தனை கால்களும் உரசியதில் படியிலிருந்த பஞ்சு கிளம்பி வாசல் வழியாக வெள்ளையாக வெளியே வந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் புகை. எதிர்க்கடை முடிதிருத்துபவர் பாதி வழித்த முகத்தை விட்டுவிட்டு வாளியோடு ஓடி வந்தார். பாதி முகத்தோடு அந்த வாடிக்கையாளரும் வந்தார். டீக்கடைக்காரர் பாத்திரம் கழுவும் தொட்டியையே தூக்கி வந்தார். நான் மேலே ஜன்னலில் நின்று "தீ இல்லைய்யா, தீ இல்லை!" என்று கத்தினேன். மேலே ஒரு ஆள் மாட்டிக்கொண்டு அலறுகிறான் என்று இன்னும் நான்கு வாளி வந்தது. பஞ்சு முழுவதும் நனைந்தது. யாரோ ஒரு புதுமணத் தம்பதிக்காகத் தைத்து முடித்து வைத்திருந்த இரட்டை மெத்தையும் நனைந்து, எருமை மாதிரி கனத்து, படியின் அடியில் சரிந்து வழியை அடைத்துக்கொண்டது. வெளியேறும் வழியில் தடை இருக்கக் கூடாது என்று எத்தனையோ பேருக்கு எழுதிக் கொடுத்தவன் மேலே, தடை கீழே.

மெத்தைக்காரர் திரும்பி வந்தார். நனைந்த பஞ்சைக் கையில் எடுத்துப் பிழிந்தார், அவ்வளவுதான். அக்கா, திட்டுகிற மனிதர்களிடம் எனக்குப் பயமில்லை. இவர் பிழிந்தார்.

பஞ்சு பாழாகிவிடவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். நம் மையத்துத் தாய்மார் குழு இன்று காலை அதைக் கூடை கூடையாக அள்ளிப்போய்த் தெருவின் மாடிகளில் எல்லாம் காயப் போட்டிருக்கிறது. தலைவியாகிய உனக்கு இது பெருமையாக இருக்கலாம். எனக்குத் தெரிந்ததெல்லாம், நேற்றுவரை ஒரு வீட்டில் இருந்த பஞ்சு இன்று எல்லா வீட்டு மாடியிலும் இருக்கிறது என்பதுதான். குட்டி வக்கீலோ இன்னும் வகுப்புக்கு வரவில்லை. ஆகவே, உன் விதிப்படி, இன்று மாலையும் நாங்கள் மெத்தைக்காரர் வீட்டுக்கே போக வேண்டும். டீச்சர் "ஆமா சார், அதிலென்ன?" என்கிறார். இந்த டீச்சருக்குப் பயம் என்ற உறுப்பே

கதவு தட்டும் சத்தம். அவர்தான். அக்கா, என் புத்தகங்களை மையத்துக்குக் கொடுத்துவிடு.

மறுபடி எழுதுகிறேன். உயிரோடுதான்.

கதவைத் திறந்துவிட்டு மேசைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். மெத்தைக்காரர் உட்காரவில்லை. அக்குளில் ஒரு மூட்டை இருந்தது. உள்ளே என்ன இருக்கும் என்று நான் யோசித்தவற்றை எழுதினால் உனக்குத் தூக்கம் போய்விடும்.

"சார், இன்னிக்கும் வருவீங்களா?"

"உங்க பொண்ணு வர்ற வரைக்கும்... விதி..."

"நாளைக்கு?"

"நாளைக்கும்."

"மழை பேஞ்சா?"

"டீச்சர்கிட்ட குடை இருக்கு."

தலையில் கை வைத்துக்கொண்டார். அப்போதுதான் கவனித்தேன்: அவர் கண் கதவுமேலேயே இருந்தது. இத்தனை நாளாக இந்த ஊரில் பயந்துகொண்டிருந்தது நான் ஒருவன் இல்லை.

"நேத்து வந்தது தண்ணி. நாளைக்கு எது வருமோ? எனக்குத் தூக்கமே இல்ல சார். உங்க காலப் புடிச்சுக் கேக்கறேன், இனிமே வகுப்ப என் வீட்டுக்குக் கொண்டு வராதீங்க. அவளை அங்கயே அனுப்பிடறேன். பரீட்சையும் எழுதட்டும், பெரிய பள்ளிக்கூடமும் போகட்டும். சின்னவனையும் சேத்து அனுப்பறேன். அவன நீங்கதான் பாத்துக்கணும்."

"நானா?"

"விசில் குடுத்துப் பழக்குனது யாரு?"

மூட்டையைப் பிரித்தார். ஒரு சின்ன மெத்தை, குழந்தை படுக்கிற அளவு. மூலைகளில் தையல் அவ்வளவு நெருக்கமாக இருந்தது.

"நனைஞ்ச பஞ்சு, விக்க முடியாது" என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு. "இது மட்டும் வெயில்ல காஞ்சுது. அவன் தூங்கறதுக்கு."

போய்விட்டார். ஆக, உன் துணிச்சலாலும் டீச்சரின் துணிச்சலாலும் நடக்காத காரியம் இரண்டு கோழைகள் சந்தித்ததில் நடந்துவிட்டது. குட்டி வக்கீல் தேர்வு எழுதுவாள். அறக்கட்டளைக்கு என் வாழ்த்துகள். ஆனால் என் முடிவில் மாற்றமில்லை. இந்த நெஞ்சு இன்னொரு வீட்டைத் தாங்காது. மாதக் கடைசிக்குள் என் இடத்துக்கு நல்ல துணிச்சல்காரர் ஒருவரை அனுப்பிவை.

அத்தானுக்கு என் வணக்கம். படுக்கையில் சிகரெட் பிடிக்க வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். உங்கள் குடும்பம் எல்லா நலனும் பெற்று, இரண்டு வாசல் உள்ள வீட்டில் நெடுநாள் வாழட்டும்.

இப்படிக்கு,
விடுதலையை எதிர்பார்க்கும் உன் தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது டீச்சர் வந்தார். வெல்டிங் பட்டறைக்காரர் மகன் இன்று வரவில்லையாம். வீடு பட்டறைக்குள்ளேயே இருக்கிறதாம். பிள்ளைகள் தோளில் கை வைத்து என் வாசலில் வரிசையாக நிற்கிறார்கள். எரிவாயு சிலிண்டர்களைச் சங்கிலி போட்டுக் கட்டியிருக்கிறார்களா என்று கேட்டேன். "அதை யாரு சார் பாத்தா?" என்கிறார் டீச்சர். யாருமே பார்க்கவில்லை! நான் கிளம்புகிறேன். மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடு. என் இடத்துக்கு யாரையும் அனுப்பாதே. வருகிறவர் உண்மையிலேயே துணிச்சல்காரராக இருந்துவிட்டால் இந்தப் பிள்ளைகளின் கதி என்ன ஆவது?