மஞ்சள் சட்டைப் பிள்ளையும் பசுவந்தனை பஸ்சும்

எங்கள் பக்கத்து டவுன் பஸ்சில் ஜன்னலோர சீட் கிடைத்துவிட்டால், அதன்பின் நம் மடி நமக்குச் சொந்தமில்லை. நிற்பவர்களின் பை, தூக்குச்சட்டி, காய்கறிக் கூடை எல்லாம் கேட்காமலே வந்து உட்காரும்.

கோவில்பட்டியில் அன்று என் மடிக்கு வந்தது ஒரு குழந்தை. பசுவந்தனை பஸ், அதுவும் பெண்களுக்கு இலவச பஸ். படியில் கால் வைக்க இடமில்லை. வெளியே நின்ற ஒருத்தி என் முகத்தை ஒரு நொடி பார்த்தாள்.

“யக்கா, பிள்ளையக் கொஞ்சம் பிடிங்க. ஏறி வாரேன்.”

மஞ்சள் சட்டை போட்ட ஆண் குழந்தை ஜன்னல் வழியாக உள்ளே வந்தது.

பெண்கள் முன்வாசலில்தான் ஏறுவது வழக்கம். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்டக்டர் விசில் கொடுத்தார், பஸ் கிளம்பியது, அவள் வரவில்லை. ஊர் தாண்டி இருபுறமும் கரிசல் காடு வந்துவிட்டது. அப்போதும் வரவில்லை.

விட்டுவிட்டு ஓடிவிட்டாள்! (அப்போதுதான் பி.எட். முடித்திருந்தேன். எனக்குத் தெரியாதது உலகத்தில் எதுவுமில்லை என்ற நினைப்பு.) அவளுக்கு ஒரு குடிகாரப் புருஷனையும் கொடுமைக்கார மாமியாரையும் நானே உண்டாக்கினேன். பிள்ளையை நானே வளர்ப்பது என்றும் தீர்மானித்தேன். பெயர்கூட வைத்தாயிற்று. கல்யாணம் ஆகாதவள் இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தபோதுதான் பயம் வந்தது. கத்திவிட்டேன்.

“பிள்ளைய எங்கிட்ட குடுத்துட்டு அவ ஓடிட்டா!”

பஸ்சே கொந்தளித்தது. டிரைவர் ஓரங்கட்டினார்.

“திருப்புங்க அண்ணாச்சி, போலீஸ் ஸ்டேஷனுக்கு!” என்றார் கண்டக்டர்.

முன்னால் இருந்தவர்கள் அந்தத் தாயைத் திட்டத் தொடங்க, திட்டு வரிசையாகப் பின்னால் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து ஒரு குரல் எல்லாரையும் மிஞ்சியது.

“அவல்லாம் ஒரு தாயா? வெளங்குவாளா அவ? நானுந்தான் பிள்ள வச்சிருக்கேன். இப்படியா விட்டுட்டுப் போவாவ?”

“மஞ்சச் சட்டை போட்ட பச்சப்பிள்ளம்மா!” என்றார் ஒருவர்.

அந்தக் குரல் சட்டென்று நின்றது.

“மஞ்சச் சட்டையா? ஏ… அது எம்பிள்ளல்லா!”

முன்வாசலில் இடமில்லாமல் பின்வாசலில் ஏறியிருக்கிறாள். நெரிசலில் நகர முடியாமல், பிள்ளை பத்திரமாக இருக்கிறது என்ற நிம்மதியில் அங்கேயே நின்றிருக்கிறாள். இப்போது அவளுக்கு மட்டும் எப்படியோ வழி பிறந்தது. அறை விழும் என்று நான் கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். அவள் குனிந்து மகனைப் பார்த்தாள். இத்தனை ரகளையிலும் அவன் என் துப்பட்டாவைப் பிடித்தபடி தூங்கிக்கொண்டிருந்தான்.

“ரொம்பப் பயந்துட்டியளோக்கா?” என்றாள். “நல்லாத் தூங்குதான். எடுத்தா முழிச்சிருவான். எறங்குத வரைக்கும் நீங்களே வச்சிக்கிடுங்க.”

சொல்லிவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். நான் பிரமித்துப் போனேன். பசுவந்தனை வரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

பிறகு எனக்குக் கல்யாணமாகி மகள் பிறந்தாள். கைக்குழந்தையோடு ஒருநாள் பஸ் ஏற நின்றபோது, ஜன்னலோரம் இருந்த பெண் “குடுங்கக்கா, நான் வச்சிருக்கேன்” என்று கை நீட்டினாள். நல்ல முகம்தான். என் கைதான் விடவில்லை. அந்த பஸ்சைத் தவறவிட்டேன். அடுத்ததையும் தவறவிட்டேன்.

“காலி பஸ்சு வந்தாத்தான் எங்க டீச்சரம்மா ஏறுவாவ” என்று என் கணவர் விருந்தாளிகளிடமெல்லாம் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார். நானும் சேர்ந்து சிரிக்கிறேன். ஆனால் அந்த மஞ்சள் சட்டைப் பிள்ளையின் அம்மாவை நினைத்தால் இப்போதும் மலைப்பாக இருக்கிறது. முதல் தடவை நான் யாரென்று தெரியாமல் பிள்ளையைக் கொடுத்தாள், சரி. இரண்டாவது தடவை, நான் எப்படிப்பட்டவள் என்று நன்றாகத் தெரிந்த பின்னும் கொடுத்தாளே!