ஊதாக் கோதுமை யார் சாயல்?

நல்லதெல்லாம் தன் வம்சம், கெட்டதெல்லாம் அடுத்தவர் வம்சம் என்று பங்கு பிரிக்கும் ஓர் இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். எங்கள் செத்தாத் ஊர் விதை ஆராய்ச்சிப் பண்ணையில் அந்த இனத்துக்குத் தலைவர் புஷைப். மகன் பந்தை நன்றாக உதைத்தால் அது புஷைப்பின் தாத்தா கால். கண்ணாடி போட்டால் மாமனார் கண். குறட்டையா? அது அவருக்கே உண்டு, ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு வந்ததாம்.

இந்த மகானும் நானும் சேர்ந்துதான் ஊதாக் கோதுமையை உண்டாக்கினோம். அவர் கொடுத்த செடியும் வெள்ளை மணி, நான் கொடுத்ததும் வெள்ளை மணி. ஒவ்வொன்றிலும் ஒரு மரபணு சும்மா உட்கார்ந்திருந்தது, இரண்டும் ஒரே செடியில் கூடிய பிறகுதான் மணியில் ஊதா ஏறியது. பாதிப் பெருமை எனக்கு உண்டல்லவா? கிடையாது. நிறம் அவர் செடி தந்ததாம். காற்றில் பயிர் சாய்ந்தால் அது என் செடியின் புத்தியாம்.

இந்த விதைக்கு, வட்டாரத்தின் பெரிய விவசாயி ஹாஜ் மாத்தி என்பவர் தலையாட்ட வேண்டும். அவர் விதைத்தால் வட்டாரமே விதைக்கும். உதட்டைப் பிதுக்கினால் எங்கள் இத்தனை வருஷப் பாடும் மூட்டையிலேயே கிடக்கும். ஊதா ரொட்டியைத் தின்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று புஷைப் அவரை வீட்டுக்கு அழைத்தார்.

ரொட்டி வந்தது. பால் வெள்ளை.

நான் பிய்த்துப் பார்த்தேன், உள்ளேயும் வெள்ளை. புஷைப் கொஞ்சமும் அசராமல் என்னைக் கைகாட்டி, இவர் பக்கத்து மரபணு சோதா, அடுப்புச் சூட்டில் காலை வாரிவிட்டது என்று ஆரம்பித்து, என் செடியின் பூர்வீகம்வரை கிழித்துத் தொங்கவிட்டார். ஹாஜ் பாட்டுக்கு ஆலிவ் எண்ணெயில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார்.

தேநீர் கொண்டுவந்த புஷைப்பின் மனைவி ஃபத்தூமா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "மாவ ரெண்டு தடவ சலிச்சுத் தவிட்டக் கோழிக்குப் போடச் சொன்னதே நீங்கதானே? ஹாஜுக்கு முரட்டு ரொட்டி வெச்சா மரியாதையில்லன்னு."

ஊதா இருப்பதே மணியின் மேல்தோலில்தான். அத்தனையும் முற்றத்துக் கோழிகளின் வயிற்றுக்குப் போயிருந்தது.

ஹாஜ் வாயைத் துடைத்துக்கொண்டார். "வெள்ள ரொட்டிக்கு எங்க வெள்ளக் கோதுமையே போதும்ப்பா. இந்த வெதய உங்க கோழிக்கே போடுங்க."

அவர் போனதும் புஷைப் என் தோளில் கைபோட்டார். "பாத்தியா? விருந்தாளின்னா உடனே சல்லடைய எடுக்கறது ஃபத்தூமாவோட அம்மா வீட்டுப் பழக்கம்."

நீங்கள் அப்படியில்லை, தெரியும். உங்கள் பிள்ளை கணக்கில் நூறு வாங்கினால் யார் மூளை? கோட்டை விட்டால்? அட, சிரிக்கிறீர்கள். என்ன அழகான சிரிப்பு! உங்கள் வம்சத்துச் சிரிப்புத்தானே?