பூஜ்யக் கட்டடத்தின் எல்லைக்கோடு

கட்டடங்கள் உலகத்தைச் சூடாக்குகின்றன. ஆகவே உலகத்தைச் சூடாக்காத கட்டடங்களை எப்படிக் கட்டுவது என்று சொல்லிக்கொடுக்க, நம் ஊரில் ஒரு கல்விக்கழகம் புதிதாக ஒரு கட்டடம் கட்டியது. இதில் சிரிக்க ஒன்றுமில்லை.

லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்தே போய்விடலாம். முகப்பு முழுக்கக் கண்ணாடி. அதன் வழியே வெயில் உள்ளே வரும். வெயிலை விரட்ட ஏர்கான். அந்தக் குளிரில் மாணவர்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வெப்பமண்டலக் கட்டடக்கலை படிப்பார்கள். உள்சுவர் நிறையச் செடிகள். வெளிச்சம் போதாமல் அவை வாடியதால் பட்டப்பகலிலும் அவற்றுக்கு விளக்கு. இயற்கையோடு இயைந்த வாழ்வு என்று வாசலில் எழுதியிருக்கிறார்கள்.

அங்கே முதுநிலைப் பட்டம் படித்தவள் ரக்ஷனா. புக்கிட் மேராவில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண். கட்டுமான நிறுவன வேலைக்குச் சம்பளமில்லா விடுப்புப் போட்டுவிட்டுப் படித்தாள். பட்டத்தோடு திரும்பினால் பதவி உயர்வு. இல்லையென்றால் பழைய நாற்காலியே நிச்சயமில்லை. அவள் அம்மா கமலம் பட்டமளிப்பு விழாவுக்கென்று சிராங்கூன் ரோட்டில் பட்டுப்புடவை எடுத்து, தேக்கா மார்க்கெட் மீன்காரர் வரைக்கும் சொல்லிவிட்டார். இனி நான் சொல்லப்போவதில் முக்கால்வாசி லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது ரக்ஷனா என்னிடம் சொன்னவை. எங்கள் லிஃப்ட் மெதுவாக வரும், நிறையக் கேட்கலாம்.

ஆய்வேட்டுக்காக அவள் அந்தக் கட்டடத்தையே அளந்தாள். கரிம வெளியேற்றம் பூஜ்யம் என்று வரவேண்டும். எதிரே இருக்கும் பழைய கடைத்தொகுதியைவிட அதிகமாக வந்தது.

அவளுடைய பேராசிரியர் முத்துராமன் அசரவில்லை. கரிம வெளியேற்றத்தைக் குறைக்கச் சொல்லி நாடு நாடாகப் பறப்பவர் அவர்.

"அளந்தது தப்பில்லம்மா. எல்லைக்கோடுதான் தப்பு. எதெல்லாம் கட்டடத்தோட கணக்கு, எதெல்லாம் இல்லன்னு நாமதானே கோடு போடறோம்?"

"அப்ப ஏர்கான் சார்?"

"மெஷின் அடுத்த கட்டடத்து மொட்டைமாடியில இருக்கு. அது அவங்க சூடு."

"லிஃப்ட்?"

"மேல போறது கீழயும் வருதுல்ல? கூட்டிக் கழிச்சா பூஜ்யம் லா."

"நீங்க கான்ஃபரன்ஸ் போற பிளேன்?"

"அது ஆகாயத்துல பறக்குது. நம்ம கட்டடம் தரையில நிக்குது."

ரக்ஷனா வரைபடத்தில் கோட்டை மாற்றினாள். அது ஏர்கானைச் சுற்றி, லிஃப்டை ஒதுக்கி, காப்பிக்கடையைத் தாண்டி வளைந்து வளைந்து போனது. அப்படியும் கொஞ்சம் மிச்சமிருந்தது.

கட்டடங்களுக்குப் பூஜ்யச் சான்றிதழ் வழங்கும் அதிகாரி சேவியர் நேரில் வந்து பார்வையிட்டார். மேற்படி எஞ்சிய வெளியேற்றத்துக்குப் பொறுப்பான தரப்பினர் யார் என்று தீர ஆராய்ந்தார். கண்டுபிடித்தும் விட்டார்.

"ஸ்டூடன்ட்ஸ்தான். கதவத் தொறக்கிறாங்க, லேப்டாப்புக்கு சார்ஜ் போடறாங்க, லைட்டப் போடறாங்க. கட்டடம் பாவம், அது பாட்டுக்கு சும்மா இருக்கு. இவங்கள கோட்டுக்கு வெளிய எடுத்துடுங்க, சரியா வந்துடும்."

"நானும் ஸ்டூடன்ட்தானே சார்?" என்றாள் ரக்ஷனா.

"டிராயிங்லதானேம்மா?" என்றார் முத்துராமன். "யாரு உன்னை எழுந்து போகச் சொன்னா? தீசிஸ் பாஸாகணுமா, வேணாமா?"

அவள் முட்டாளில்லை. இது அபத்தம் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அம்மாவின் பட்டுப்புடவை கண்முன் வந்து நின்றது. கோட்டைப் போட்டாள்.

பூஜ்யம் வந்தது. சான்றிதழ் வழங்கும் விழாவைத் திடலில் கூடாரம் போட்டு நடத்தினார்கள். உள்ளே நடத்தினால் கணக்கு கெட்டுவிடுமாம். கூடாரத்துக்கு வாடகை ஏர்கான், ஏர்கானுக்கு டீசல் ஜெனரேட்டர். அது கக்கிய புகையில் சிறப்பு விருந்தினர் இருமிக்கொண்டே, வருங்காலத் தலைமுறையின் தூய காற்றைப் பற்றி உருக்கமாகப் பேசினார். புகை கோட்டுக்கு வெளியே இருந்ததால் யாரும் கவலைப்படவில்லை.

தேர்வு முடிவு வந்தது. ரக்ஷனாவின் பெயர் இல்லை. யார் பெயருமே இல்லை. பட்டியலைச் சரிபார்த்ததும் சேவியர்தானாம், அவள் அவரிடம் ஓடினாள்.

"துறையில ஸ்டூடன்ட்ஸே கிடையாதேம்மா," என்றார் சேவியர் வெகு மரியாதையாக. "நீங்கதானே எல்லாரையும் வெளிய எடுத்தீங்க? இல்லாதவங்களுக்கு எப்படிப் பட்டம் குடுக்கிறது?"

"அப்ப எங்களத் திரும்ப உள்ள சேர்த்துக்குங்க சார்!"

"சேர்த்தா பூஜ்யம் போயிடும். பூஜ்யம் போனா உங்க ஆய்வேடு தப்புன்னு ஆயிடும். தப்பான ஆய்வேட்டுக்கு எப்படிப் பட்டம் குடுக்கிறது?"

முத்துராமனிடம் போய் அழுதாள். அவர் நெகிழ்ந்துபோனார். "நீ எழுதினத ஒரு வரி மாத்தாம அப்படியே ஃபாலோ பண்றாங்க பாரு. ஒரு ஆய்வேட்டுக்கு இதவிட என்னம்மா மரியாதை வேணும்?"

மறுநாளே அவர் அந்த ஆய்வேட்டைப் பற்றிப் பேச ஐரோப்பா போனார். மாணவரே இல்லாத துறையில் சேர அடுத்த ஆண்டு விண்ணப்பங்கள் குவிந்தன.

பழைய நிறுவனம் ரக்ஷனாவைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. சேவியர் எடுத்துக்கொண்டார். இவ்வளவு நேர்த்தியாகக் கோடு போடுகிறவர் தீவிலேயே வேறு யாரும் இல்லையாம். பட்டம் வேண்டாமா என்று கேட்டதற்கு, இந்த வேலைக்குப் பட்டம் தடையாகத்தான் இருக்கும் என்றாராம்.

போன வாரம் அவள் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்கே வந்தாள், கழுத்தில் அதிகாரி அட்டையோடு. எங்கள் புளோக்கும் பூஜ்யமாகப் போகிறது. "நல்லா இருக்கியாம்மா?" என்று கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அங்கிள், கொஞ்சம் வெளிய போய் நில்லுங்களேன். ஆன்ட்டியையும் கூப்பிடுங்க. அம்மா, நீயும்தான்."

மாடி மாடியாக எல்லாரும் இறங்கிவந்து கார்பார்க்கில் நின்றோம். எதற்கு என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. பூஜ்யம் வந்துவிட்டது என்று அவள் மேலேயிருந்து அறிவித்தாள். உச்சி வெயிலில் நின்றபடி நாங்கள் கைதட்டினோம்.