பத்து மைலும் ஒரு தடி டயரும்

மழையில் தொப்பலாக நனைந்து வந்து, மழைமானியை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் தலையைத் துவட்டிக்கொள்ளும் மனிதர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உடம்பு நெருப்பாகக் கொதித்தாலும், டாக்டர் நாக்குக்கு அடியில் வைக்கும் கண்ணாடிக் குழாய் சம்மதித்தால் ஒழிய அவர்களுக்குக் காய்ச்சல் இல்லை. கடவுள் கொடுத்த கண், காது, கால் மூன்றுக்கும் ஓய்வு கொடுத்துவிட்டு, முகம் தெரியாத எவனோ சீமையில் செய்து அனுப்பிய முள்ளையும் இலக்கத்தையும் நம்பி வாழும் இந்த இனத்துக்குக் கருவிதாசர் என்று பெயர் வைத்துக்கொள்வோம். எல்லா ஊரிலும் உண்டு. தங்கவயலில் கொஞ்சம் அதிகம். பூமிக்குள் எவ்வளவு ஆழம் இறங்கினோம் என்பதையே அங்கே முள் சொல்லித்தானே தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது?

அவர்களில் தலைசிறந்தவர், சுரங்கத்து ஆட்கள் வந்துபோகும் நேரத்தைப் பதியும் டைம் ஆபீஸ் குமாஸ்தா ஜெயகரன். சீமைக்குத் திரும்பிய ஒரு ஃபோர்மேனிடம் அவர் வாங்கிய பைசிக்கிளின் முன்சக்கரத்து அச்சில், கொட்டைப்பாக்கைவிடச் சற்றே பெரியதாக ஒரு மைல் மிஷின் இருந்தது. சக்கரம் ஒரு முறை சுற்றினால் கம்பியில் மாட்டிய கொக்கி அதன் பல்லை ஒரு முறை தட்டும். டிக். இத்தனை டிக்குக்கு ஒரு மைல் என்பது செய்தவனுடைய கணக்கு. அது எந்தப் பருமன் சக்கரத்துக்கான கணக்கு என்று பெட்டியின் மேல் எழுதித்தான் அனுப்பியிருந்தான். பெட்டியை யார் வைத்திருக்கிறார்கள்? வேகமாகப் போகும் ஆசையில் ஃபோர்மேன் தடித்த டயரைக் கழற்றிவிட்டு ஒல்லி டயர் போட்டிருந்தான். ஒல்லி டயர் போட்ட சக்கரம் சிறியது. ஒரு சுற்றில் குறைவாகத்தான் நகரும். ஆகவே அதே தூரத்துக்குச் சுற்று அதிகம், டிக் அதிகம், மைல் அதிகம். போகாத தூரத்தையும் போனதாக மிஷின் புகழ, ஜெயகரன் பூரித்துப்போனார். மைல்கல்லும் மிஷினும் முரண்பட்ட இடத்தில் எல்லாம் மைல்கல்லைத்தான் பரிதாபமாகப் பார்த்தார்.

“மிஷின் சொல்லுது” என்று அவர் ஆரம்பித்தால் அத்துடன் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். சர்ச்சில் ஆயரே பிரசங்கத்தைச் சுருக்கிக்கொள்வார்.

இந்தப் பாக்கு மிஷின்தான் அவருடைய இளைய மகள் ஃப்ளோராவின் கல்யாணத்துக்குக் குறுக்கே வந்து நின்றது.

மூத்தவளைத் தூர ஊரில் கொடுத்துவிட்டு வருஷத்துக்கு ஒரு முறைகூடப் பார்க்க முடியாமல் தவித்த அவர் மனைவி ஐடாம்மாள், இளையவளைப் பத்து மைலுக்கு அப்பால் கொடுப்பதில்லை என்று எப்போதோ சொல்லிவைத்திருந்தாள். வந்த மாப்பிள்ளையோ கோலார் சாலையில் வண்டிப்பட்டறை வைத்திருக்கும் பர்னபாஸ். ஃப்ளோராவுக்குப் பிடித்திருந்தது. ஐடாம்மாளுக்கும் பிடித்திருந்தது. பட்டறையும் பத்தாம் மைல்கல்லுக்கு இந்தப் பக்கமே இருந்தது. வேறென்ன வேண்டும்? ஜெயகரன் பைசிக்கிளில் போய் வந்தார்.

“பத்துக்கு மேல கொஞ்சம் காட்டுது. சம்பந்தம் வாணாம்.”

“கொஞ்சம்னா எத்தினிங்க?”

“மைல்ல பத்துல ஒரு பங்கு.”

“அதுக்கா பொண்ணை ஊட்டோட வச்சிக்கினு இருக்கச் சொல்றீங்க? கல்லு இன்னா சொல்லுதுன்னு பாத்தீங்களா?”

“கல்லு நட்டவன் கள்ளு குடிச்சிட்டு நட்டிருப்பான். பத்துன்னு சொன்னது நீதானே?”

ஃப்ளோரா அடுக்களைக்குள் போய் வெங்காயமே இல்லாமல் அழுதாள்.

மறுப்பைச் சொல்ல ஜெயகரன் தாமே பட்டறைக்குப் போனார். சாட்சிக்கு மிஷினையும் காட்டினார். பர்னபாஸ் சக்கரத்தருகே உட்கார்ந்து பார்த்தான். வண்டிச் சக்கரத்தை அளந்து இரும்புப் பட்டை போடுவதே அவன் பிழைப்பு. ஆகவே மிஷினை ஒரு கணமும் டயரை வெகுநேரமும் பார்த்தான். விரலால் வளைத்துத் தடவினான். அவன் முகத்தில் கல்யாணக் களை வந்தது.

“ஐயா, இத்தினி நல்ல மிஷினுக்கு இந்த டயரு இன்னா பொருத்தம்? எலும்பும் தோலுமா கீது. பெங்களூர்லேருந்து தடியா ஒரு ஜதை வரவழைச்சி மாட்டித் தரேன்.”

“லஞ்சமா?”

“பொண்ணே இல்லன்னு சொல்லிட்டீங்க, லஞ்சம் இன்னாத்துக்கு? மிஷினுக்கு மரியாதை, அவ்ளோதான்.”

மிஷினுக்கு மரியாதை என்றால் எந்தக் கருவிதாசர் வேண்டாம் என்பார்?

டயர் ரயிலில் வந்து சேர்ந்தது. ஜெயகரன் பட்டறைக்குப் போய் மாட்டிக்கொண்டு, மெத்தைமேல் உட்கார்ந்தவர்போல வீடு திரும்பினார். வாசலில் இறங்கிக் குனிந்தார். பத்தை எட்டவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் குனிந்தார். மறுநாள் காலையில் பட்டறைவரை போய்த் திரும்பினார். போகும்போதும் பத்துக்குள், வரும்போதும் பத்துக்குள். அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. மிஷின் இன்று சொல்வது சரியென்றால் அன்று சொன்னது தப்பு. அன்று சொன்னது சரியென்றால் இன்று சொல்வது தப்பு. சொல்வது மிஷின் ஆயிற்றே, எப்படித் தப்பாகும்? கதவுக்குப் பின்னால் ஃப்ளோரா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கடைசியில் அவர் முகம் தெளிந்தது.

“ஐடா, புரிஞ்சிடுச்சி. ரோட்டை நேராக்கிட்டானுங்க.”

“எந்த வளைவைங்க?”

“எல்லா வளைவையும் கொஞ்சங்கொஞ்சம்.”

ஐடாம்மாள் வாசலில் நின்ற பைசிக்கிளைப் பார்த்தாள். பூசணிக்காய்போல உப்பியிருந்த டயரைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீண்டு அவள் முழங்கையைக் கிள்ளியது.

“ஆமாங்க,” என்றாள் ஐடாம்மாள். “வெள்ளைக்காரன் நெனச்சா செய்யமாட்டானா?”

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. மாலை போட்டுக்கொண்டிருந்த மாப்பிள்ளையிடம், சாலையை நேராக்கியவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்றார் ஜெயகரன். “கட்டாயம், மாமா” என்றான் அவன்.

தடி டயர் அத்துடன் நிற்கவில்லை. டைம் ஆபீசுக்குப் போகிற வழியும் மிஷினில் சுருங்கிவிட்டது. வழி சுருங்கினால் அதற்கேற்பத் தாமதமாகக் கிளம்புவதுதானே நியாயம்? ஜெயகரன் அப்படியே கிளம்பினார். தினமும் பிந்திப் போய்ச் சேர்ந்தார். டைம் ஆபீஸ் கடிகாரம் வேகமாக ஓடுகிறது என்று இப்போது மேலிடத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இன்று காலையில் சுரங்கத்துச் சங்கு ஊதியபோது, ஊரே ஷிப்டுக்கு எழுந்து நடக்கையில், பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்து, “சங்கு இன்னிக்கி முந்திக்கிச்சி” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தவர் யார்?

அது கிடக்கட்டும். நேற்று அந்தக் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தீர்களா?